புள்ளைக்கு மட்டும் டயட் போட்டா ஏனுங்க வேலைக்காகறதில்ல?

டாக்டர் "வெயிட் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது, பாத்துக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், அன்னிக்குப் பொழுதோடயே அந்தப் புள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் ஆரம்பிச்சிரும். அப்பா பேக்கரில டீயோட தேங்காய் பன் சாப்ட்டுட்டு வருவாரு, அண்ணன் ஒல்லியா இருக்கான்னு அவனுக்கு முட்டை பப்ஸ் பார்சல் வரும், இந்தப் புள்ளைக்கு மட்டும் ஒரு கிண்ணத்துல வெள்ளரிக்கா. ரெண்டு வாரம் கழிச்சு "எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்லைங்க, ஒளிச்சு வெச்சு திங்குது"ன்னு மறுபடி அதே டாக்டர்கிட்ட போய் நிப்பாங்க. ஒளிச்சுத் திங்காம என்னங்க பண்ணும், வீட்டுல எல்லாரும் திங்கறாங்களே.

இந்தப் பிரச்சனைக்குத்தான் குடும்பம் மொத்தமும் சேர்ந்து பண்ற ஒரு முறை இருக்குது, பேமிலி பேஸ்டு ட்ரீட்மென்ட்னு சொல்லுவாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். எடை ஏறுனது புள்ளைக்கு, ஆனா மாத்த வேண்டியது வீட்டை. எட்டு வயசுப் புள்ள மளிகை லிஸ்ட் போடறதில்ல, குழம்புக்கு எண்ணெய் எவ்வளவுன்னு முடிவு பண்றதில்ல, ராத்திரி எத்தன மணிக்கு சோறு, டிவி எந்த ரூம்ல, பிரிட்ஜ்ல என்ன பாட்டில்னு எதையும் அது தீர்மானிக்கறதில்ல, எல்லாம் நம்ம தீர்மானிச்சுப்போட்டு ரிசல்ட்டுக்கு மட்டும் அதைத் திட்டறோம்.

மொதல்ல எடை நெசமாவே ஜாஸ்தியான்னு பாக்கோணும். கண்ணுல பாத்துச் சொல்றது நம்பவே நம்பாதீங்க, நம்மூர்ல கொழுகொழுன்னு இருந்தாத்தான் புள்ள நல்லா இருக்குதுன்னு அர்த்தம், சரியா இருக்கற புள்ளைய "என்ன அம்மணி இப்படி எளைச்சுப் போச்சு"ன்னு கேப்பாங்க. எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்றதுதான் பிஎம்ஐ, எடை கிலோவுல, உயரம் மீட்டர்ல. பெரியவங்களுக்கு இந்த நம்பரை அப்படியே வெச்சுப் பாக்கலாம், புள்ளைங்களுக்கு அப்படிப் பாக்கக் கூடாது, வயசும் பையனா பொண்ணாங்கறதும் சேத்து சார்ட்டுல வெச்சுத்தான் பாக்கோணும். உதாரணத்துக்கு 10 வயசுப் பையன், 135 செ.மீ. உயரம், 42 கிலோன்னு வெச்சுக்கோங்க. பிஎம்ஐ 23 வருது. அவங்கப்பாவுக்கு 23ன்னா யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க, ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட சார்ட்டுல 10 வயசுப் பையனுக்கு 18.5க்கு மேல போனா அதிக எடை, 21.4க்கு மேல போனா உடல் பருமன். இந்தியப் புள்ளைங்களுக்குன்னே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல தனி சார்ட் போட்டுருக்காங்க, நம்ம சனங்களுக்கு அதே பிஎம்ஐலயே உடம்புல கொழுப்பு ஜாஸ்தி சேர்றதால அதுல கோட்டைக் கொஞ்சம் கீழயே இழுத்திருக்காங்க. புள்ளைங்க டாக்டர்கிட்ட பெரும்பாலும் அந்த சார்ட் இருக்கும், "இதுல எம்புள்ள எங்க நிக்குதுன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க, தப்பில்ல.

அடுத்ததா பெத்தவங்க ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல சேதி. வளர்ற புள்ளைக்கு எடை கொறையணும்னே எப்பவும் அவசியமில்ல, பல பேருக்கு ஏறாம நின்னாலே போதும், உயரம் மிச்ச வேலையப் பாத்துக்கும். அதே பையன் ரெண்டு வருசத்துல 145 செ.மீ. ஆயிட்டான், எடை 42லயே நிக்குதுன்னா பிஎம்ஐ 20க்கு எறங்கிருது, 12 வயசுக்கு அது கிட்டத்தட்ட நார்மலோட ஓரம். ஒரு கிலோ கூட கொறைக்கல, பட்டினி போடல. எவ்வளவு நிக்கோணும், கொறைக்கவும் வேணுமான்னு வயசையும் எடையையும் பொறுத்து டாக்டர் சொல்லுவாரு, ரொம்ப ஜாஸ்தியா இருக்கற பெரிய புள்ளைங்களுக்கு மெதுவா கொறைக்கவும் சொல்லுவாங்க. யூடியூப்ல பாத்துட்டு புள்ளைக்கு ராத்திரிச் சோத்தை நிறுத்தறது, கீட்டோ, விரதம் அது இதுன்னு பண்றதெல்லாம் வேண்டவே வேண்டாங்க.

சரி, குடும்பமே மாறுனா புள்ளைக்கு என்ன பிரயோஜனம்னு யாராச்சும் நெசமா சோதிச்சுப் பாத்தாங்களான்னா, பாத்திருக்காங்க. அமெரிக்காவுல லியோனார்ட் எப்ஸ்டீன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 6லருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பருமனான புள்ளைங்களையும் அவங்க பெத்தவங்களையும் மூணு குரூப்பா பிரிச்சாரு. மூணு குரூப்புக்கும் சொல்லிக் குடுத்தது கிட்டத்தட்ட ஒரே பாடந்தான், சாப்பாடு, உடற்பயிற்சி, பழக்கத்தை மாத்தறது எப்படின்னு. வித்தியாசம் எதுலன்னா, யாரு மாறுனா பாராட்டும் பரிசும்ங்கறதுல. ஒரு குரூப்ல புள்ள மாறுனாலும் உண்டு, அப்பா அம்மா மாறுனாலும் உண்டு. இன்னொண்ணுல புள்ளைக்கு மட்டும். மூணாவதுல சும்மா கிளாசுக்கு வந்துட்டாப் போதும். பத்து வருசம் கழிச்சு மறுபடி அதே புள்ளைங்களை எடை போட்டாங்க, இப்ப அவங்க வாலிபப் பசங்க. ரிசல்ட் 1990ல வந்துச்சு. பெத்தவங்களும் சேர்ந்து மாறுன குரூப்ல, ஆரம்பிச்சப்ப இருந்ததை விட அதிக எடைச் சதவீதம் (வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய எடையை விட எத்தனை சதவீதம் ஜாஸ்திங்கறது) 7.5 கொறைஞ்சிருந்துச்சு. புள்ளைய மட்டும் மாத்துன குரூப்ல 4.5 ஏறியிருந்துச்சு. சும்மா வந்து போனவங்களுக்கு 14.3 ஏறியிருந்துச்சு. பாடம் ஒண்ணு, புள்ளைங்க ஒரே மாதிரி, அப்பாம்மா தானும் மாறுறதை ஒரு கணக்கா எடுத்துக்கிட்டதுதான் பத்து வருசத்துக்கு அப்புறமும் நின்னுச்சு.

இஸ்ரேல்ல மோரியா கோலன்னு ஒருத்தங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க, ஒரு குரூப்ல புள்ளைங்களைக் கிளாசுக்கே கூப்பிடல, பெத்தவங்க மட்டும் வந்தாங்க. இன்னொரு குரூப்ல புள்ளைங்க மட்டும். அதுல பெத்தவங்க மட்டும் வந்த குரூப்ல இருந்த புள்ளைங்களுக்குத்தான் எடை நல்லா கொறைஞ்சுது. எனக்கு இதுதான் எல்லாத்துலயும் பெரிய ஆச்சரியம், ட்ரீட்மென்ட் எடுக்காத ஆளுக்கு கொணமாகுதுன்னா பாத்துக்கோங்க. 2023ல வந்த இன்னொரு ஆய்வுல 452 புள்ளைங்க, சாதாரண குழந்தை டாக்டர் கிளினிக்லயே வெச்சு ரெண்டு வருசம் பண்ணாங்க, அதுல புள்ளைக்கும் நல்லது, அப்பாம்மாவுக்கும் எடை கொறைஞ்சுது, திட்டத்துல சேராத அண்ணன் தங்கச்சிக்கும் சேத்து நல்லதாச்சு.

அப்ப என்னதான் பண்ணுவாங்க அந்தத் திட்டத்துல? ஒரு நாள் போயி ஒரு சார்ட் வாங்கிட்டு வர்ற கதை இல்லைங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2023ல போட்ட வழிகாட்டுதல்ல, 3 மாசத்துலருந்து 12 மாசத்துக்குள்ள கொறைஞ்சது 26 மணி நேரம் குடும்பத்தோட நேர்ல உக்காந்து பேசோணும்னு இருக்குது. நம்மூர்ல ஓபில அஞ்சு நிமிசம் கெடைச்சாலே பெருசு, 26 மணி நேரத்துக்கு எங்க போறதுன்னு நீங்க கேக்கறது ஞாயந்தான். ஆனா அந்த மணி நேரத்துல நடக்கற வேலைல பாதி வீட்டுலயே பண்ணக் கூடியது. வாரம் ஒரு சின்ன இலக்கு வெக்கறது, சாப்பிட்டதை நோட்டுல எழுதறது (புள்ள மட்டும் எழுதாது, அப்பாவும் எழுதோணும், இங்கதான் பல அப்பாக்கள் நைசா நழுவுவாங்க), ஆசையத் தூண்டற பொருளைக் கண்ணுல படற எடத்துல இருந்து எடுக்கறது, நல்லது பண்ணா உடனே அதைச் சொல்றது. "வெரிகுட்"னு பொதுவா சொல்லாம "இன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் தண்ணி குடிச்சியே கண்ணு, பாத்தேன்"னு சொல்றது. பரிசு குடுத்தா திம்பண்டமா குடுக்கக் கூடாது, காசும் வேண்டாம், நேரமாக் குடுங்க, ஞாயித்துக்கெழமை அப்பாவோட தோட்டத்துக் கெணத்துல நீச்சல்னா எந்தப் பையன் வேண்டாம்பான்.

சாப்பாட்டுக்கு எப்ஸ்டீன் கொண்டு வந்தது டிராபிக் லைட் முறை. பச்சை தாராளமா, மஞ்சள் அளவா, சிவப்பு எண்ணி எண்ணி. கலோரிக் கணக்குப் போடத் தெரியாத ஆறு வயசுப் புள்ளைக்கும் கலர் புரியும், அதான் சூட்சுமம். நம்ம கொங்கு சாப்பாட்டை இதுல வெச்சுப் பாத்தா, பச்சைல வர்றது காய், கீரை, முழுசாத் திங்கற பழம், ரசம், தண்ணி மோர். மஞ்சள்ல நம்ம தினச் சாப்பாடு பூராவும் வந்துரும், அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, இட்லி, ராகிக் களி, கம்பஞ்சோறு, கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயிறு கடைசல், முட்டை, மீன், கோழிக் கொழம்பு. இதெல்லாம் நல்ல சாப்பாடு, அளவு மட்டும் பாத்துக்கோணும், அரிசிம்பருப்புல நெய்யைக் குழி பறிச்சு ஊத்துனா அது மஞ்சள்ல இருந்து சிவப்புப் பக்கம் நகர ஆரம்பிச்சிரும். சிவப்புல பப்ஸ், பன், கிரீம் கேக், சிப்ஸ் பாக்கெட், ரோட்டோரக் காளான், பரோட்டா, கலர் டிரிங்க்ஸ், பாக்கெட் ஜூஸ், பால்ல கலக்கற இனிப்புப் பவுடரு.

சிவப்புன்னா தடைன்னு எடுத்துக்காதீங்க. வாரத்துக்கு இத்தனைன்னு வீடு மொத்தமும் பேசி ஒரு நம்பர் வெச்சுக்கறது, அதுக்குள்ள எதை எப்பத் திங்கலாம்னு புள்ளையே தேர்ந்தெடுக்கும். அதே நம்பர் அப்பாவுக்கும்.

ஒரே ஒரு விசயம் மட்டும் மாத்த முடியும்னா எதை மாத்தறதுன்னு கேட்டா நான் குடிக்கறதைத்தான் சொல்லுவேன். 250 மில்லி கோலாவுல கிட்டத்தட்ட 26 கிராம் சர்க்கரை, டீஸ்பூன்ல அள்ளுனா அஞ்சுக்கு மேல வரும், ஆனா வயிறு நெறைஞ்சாப்ல இருக்காது, அடுத்த சோறும் அதே அளவுதான் உள்ள போகும். வீட்டுல ஜூஸ் புழிஞ்சாலும் நாரு போயிருது, அதுக்குப் பதிலா பழத்தையே அறுத்து வெச்சுருங்க. வெயில்ல எளநியோ நுங்கோ மோரோ குடிக்கறது நம்மூருக்கு ஒண்ணும் புதுசில்லையே.

இன்னொண்ணு, சிறுதானியம். "நாங்க கம்புக்கு மாறிட்டமுங்க"ன்னு சொல்றவங்க நெறைய. சந்தோசம், நார்ச்சத்து இருக்குது, பசி தாங்கும். ஆனா 100 கிராம் அரிசிலயும் 100 கிராம் கம்புலயும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான், 350க்குப் பக்கம். தினை லட்டுல வெல்லமும் நெய்யும் சேத்தா அது லட்டுதான், தினைங்கறதுக்கோசரம் அஞ்சு திங்கலாம்னு ஒண்ணுமில்ல.

இப்ப பெரிய விசயத்துக்கு வருவோம், அப்பத்தாவும் அம்மிச்சியும். வெளிநாட்டுத் திட்டத்துல அப்பா அம்மா புள்ளைன்னு மூணு பேர்த்தோட முடிஞ்சிரும், நம்ம வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைக்குத் தீனி குடுக்கறது பெரியவங்கதான். அவங்க "வளர்ற புள்ளைங்க, வயித்தக் கட்டலாமா"ம்பாங்க. அவங்க வளர்ந்த காலத்துல மழை தப்பிப் போனா வீட்டுல நெல்லுச் சோறே அபூர்வம், நோம்பிக்கு நோம்பிதான் பலகாரம், பேரனுக்கு அந்தக் கொறை வரக் கூடாதுன்னு நெனைக்கறது தப்பா? அதனால "அத்தை, இனிமேல் அவனுக்குப் பண்டம் எதும் வாங்கித் தராதீங்க"ன்னு ஆரம்பிச்சா சண்டைலதான் போய் முடியும். அதை விட்டுப்போட்டு "அத்தை, நீங்க கடையற கொள்ளுப்பருப்பு மாதிரி எனக்கு வர்றதில்லைங்க, வாரத்துல ரெண்டு நாள் நீங்களே பண்ணுங்க, அவனையும் கூட ஒக்கார வெச்சு சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. பாசம் காட்ட வேற வழி ஒண்ணைக் குடுத்துட்டா பிஸ்கட் பாக்கெட் தானா கொறையும். டாக்டர்கிட்ட போகையில அவங்களையும் ஒட்டுக்கா கூட்டிட்டுப் போறதும் நல்லது, மருமக சொன்னா கேக்காத சில விசயம் டாக்டர் சொன்னா கேக்கும்.

நோம்பிக்கு ஒப்பிட்டு, கச்சாயம் எல்லாம் திங்கட்டும், கூட ஒண்ணு கேட்டாலும் குடுங்க. வருசத்துல வர்ற நோம்பியால யாருக்கும் எடை ஏறல, தெனமும் பொழுதோட நடக்கற பேக்கரி நோம்பிதான் ஏத்துது.

சாப்பாட்டு வேளைல ஒரு பழைய சூத்திரம் இருக்குது, எல்லன் சேட்டர்னு ஒரு உணவியல் நிபுணர் சொன்னது. என்ன சாப்பாடு, எப்ப, எங்க உக்காந்துங்கறது பெத்தவங்க பொறுப்பு. எவ்வளவு சாப்பிடறது, சாப்பிடலாமா வேண்டாமாங்கறது புள்ளையோட பொறுப்பு. நம்மூர்ல இது அப்படியே தலைகீழா நடக்குது, என்ன வேணும்னு புள்ள சொல்லும், எவ்வளவுன்னு நம்ம முடிவு பண்ணி போன்ல கார்ட்டூன் போட்டுட்டு வாயில அள்ளித் திணிப்போம். வயிறு நெறைஞ்சுதுன்னு உடம்பு சொல்றது அந்தக் கார்ட்டூன் சத்தத்துல புள்ளைக்குக் கேக்கறதில்ல. தட்டுல மிச்சம் வெச்சா வெக்கட்டும், அடுத்த தடவை கொஞ்சூண்டு கம்மியாப் போடுங்க.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஷிப்ட், ஈரோடு பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டறவங்க, இவங்ககிட்ட போய் "ராத்திரி ஏழரைக்கெல்லாம் குடும்பமா உக்காந்து சாப்பிடுங்க"ன்னு சொன்னா சிரிப்பாங்க. அப்பா வர்றதே பத்து மணிக்கு, வர்றப்ப பரோட்டா பார்சல், தூங்கப் போன புள்ள எந்திரிச்சு வந்து மறுபடி திங்கும். இதுல யாரையும் கொறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, ஓவர்டைம் பாக்கற மனுசனுக்கு புள்ளைக்கு ஆசையா எதாச்சும் வாங்கிட்டுப் போகணும்னு தோணத்தான் செய்யும். தெனமும் முடியாட்டி ஒரு வேளையாச்சும் சேர்ந்து சாப்பிடப் பாருங்க, வெடியால டிபனா இருந்தாலும் சரி, ஞாயித்துக்கெழமை மத்தியானமா இருந்தாலும் சரி. பார்சல் வாங்கற பழக்கத்தை உடனே விட முடியலீன்னா பழமா வாங்கிட்டுப் போங்க, எத்தனை மணிக்குப் போனாலும் குடுத்துரலாம். மாவு அரைச்சு வெக்கறது, சுண்டலுக்கு ஊற வெக்கறது எல்லாம் லீவு நாள்ல வீட்டு ஆம்பளைங்களும் பண்ணலாம், அம்மா தலைலயே ஏத்துனா எந்தத் திட்டமும் ஒரு மாசம் தாண்டாது.

நடக்கறது வெளையாடறதப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, 5 வயசுலருந்து 17 வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிசம் மூச்சு வாங்கற மாதிரி ஓடி ஆடோணும்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. ஜிம் வேண்டாம், சைக்கிள், ஷட்டில், கபடி, வீட்டு வேலை எதுவும் ஆகும். தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் நடக்கற ஊருங்க நம்மூரு, அதே ஆளு தெருமுனைக் கடைக்கு பாலு வாங்க பைக் எடுக்கறாரு, புள்ள அதைத்தான் பாக்குது. சென்னிமலையோ மருதமலையோ போனா வண்டிய மேல ஓட்டாம படியில ஏறுங்க. டியூசன் ரெண்டு வெச்சா வெளையாட நேரம் எங்கருந்து வரும்னும் ரோசிக்கோணும். தூக்கமும் எடையும் சம்பந்தப்பட்டதுதான், 6லருந்து 12 வயசுப் புள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் கொறையாம வேணும், தூக்கம் கெட்டா மறுநாள் இனிப்பு மேல ஆசை ஜாஸ்தியாகும். போனெல்லாம் ராத்திரி ஹால்லயே சார்ஜ்ல கெடக்கட்டும், உங்க போனும்.

கேலி பத்தி கண்டிப்பா சொல்லியாகோணும். கல்யாண வீட்டுல மாமன் மச்சான்னு உரிமையோட "என்றா குண்டா, எந்தக் கடை அரிசி"ம்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, புள்ளையும் சிரிக்கும். எடையை வெச்சுக் கேலி பண்ணப்பட்ட புள்ளைங்க அதுனால எளைக்கறதில்ல, ஒளிச்சுத் திங்கறதும் வெளையாட வெக்கப்படறதும் எடை இன்னும் ஏறறதும்தான் நடக்குதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. "மாமா, அப்படிக் கூப்பிடாதீங்க"ன்னு புள்ள காதுல விழற மாதிரியே ஒருக்கா சொல்லிருங்க. வீட்டுல "எடை"ங்கற பேச்சையே கொறைச்சு "நம்ம எல்லாரும் இனிமே இப்படிச் சாப்பிடப் போறோம்"னு பேசுங்க. அம்மா கண்ணாடி முன்னாடி நின்னு தன்னைத்தானே திட்டிக்கறதும் இதுல சேத்திதான், பொண்ணு பாத்துட்டு இருக்கும்.

சில அடையாளம் தெரிஞ்சா வீட்டு வைத்தியத்தோட நிக்காம டாக்டர்கிட்ட போயிருங்க. கழுத்துப் பின்னாடி, அக்குள்ல தேச்சாலும் போகாத கருப்பு (அது அழுக்கில்ல, இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அறிகுறியா இருக்கலாம், பாவம் எத்தன புள்ளைங்க நார் போட்டுத் தேய்ப்பு வாங்கியிருக்குமோ), தூங்கறப்ப பலமான கொறட்டை, மூட்டு இடுப்பு வலி, வயசுக்கு வந்த பொண்ணுக்கு மாசமாசம் தள்ளித் தள்ளிப் போறது. எடை ஏறுது ஆனா உயரம் நின்னு போச்சுன்னா அது சாப்பாட்டுப் பிரச்சனையா இல்லாம ஹார்மோன் பிரச்சனையாக்கூட இருக்கலாம், அதை டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.

கடைசியா எல்லாரும் கேக்கற கேள்வி, "பெரியவன் ஒல்லியா இருக்கானுங்க, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?" காயும் பருப்பும் ஓட்டமும் தூக்கமும் ஒல்லிப் பையனுக்கு வேண்டாமா என்ன? வீட்டுல ஒரே சாப்பாடு, அவனவன் பசிக்குத் தக்க அளவு, அவ்வளவுதான். அவன் ரெண்டு தோசை கூடத் திங்கட்டும், சிப்ஸ் பாக்கெட் அவனுக்குன்னு தனியா அலமாரில பூட்டி வெக்காதீங்க, சாவி எங்கன்னு சின்னவனுக்குத் தெரியும். ஆரம்பிக்கறப்ப எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாம வாரத்துக்கு ஒண்ணு போதும். இடைல ஒரு கல்யாண சீசன்லயோ பரீட்சை லீவுலயோ பழையபடி ஆயிரும், எல்லா வீட்டுலயும் ஆகும், திங்கக்கெழமை மறுபடி ஆரம்பிங்க. தெனமும் எடை மெசின்ல ஏத்தி நிறுத்தாதீங்க, மாசம் ஒருக்கா போதும், ஆனா எடை எழுதற அதே வரில உயரத்தையும் எழுதுங்க, நோட்டுல அப்பா அம்மாவுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிருங்க, மூணு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட போறப்ப அந்த நோட்டையே எடுத்துட்டுப் போனா அவரு சார்ட்டுல புள்ளி வெச்சுப் பாத்துக்குவாரு.